அம்மாவாசியின் தமுக்கு

"செத்துப்போனவரு கூப்பிட்டுப் போகாட்டி அதுக்கும் ஜெயிலா, ராவுத்தரய்யா?"

உத்தமபாளையத்தில் வக்கீல் செய்யது மீரா ராவுத்தரின் படியேறி வந்தவர்கள் என்னென்னவோ கேட்டிருக்கிறார்கள். வரப்பு, வாய்க்கால், பாகப்பிரிவினை, அடிதடி என்று வராத வழக்கில்லை. இப்படியொரு கேள்வி மட்டும் வந்ததில்லை. அது 1938-ஆம் வருஷத்து ஐப்பசி. மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. கேட்டவள் கொம்புக்கரைப்பட்டி மாயக்காள், ஏழு மாதக் கர்ப்பிணி. நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டு வாசலிலேயே நின்றாள்.

குமாஸ்தா பங்கிராஸ் அதற்குள் பேனாவைத் தூக்கிவிட்டான். அனுமந்தன்பட்டிக்காரன், மாதா கோயில் பூசைக்குத் தவறாமல் போகிறவன். புது வழக்கு என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அதிலும் பேய், களவு என்று கொஞ்சம் வாடை அடித்துவிட்டால் போதும், மாஜிஸ்திரேட்டுக்கு முன்னால் அவனே தீர்ப்புச் சொல்லிவிடுவான்.

ராவுத்தர் கடைவாயில் அடக்கியிருந்த சுக்குத் துண்டை மறுபக்கம் தள்ளினார். "உள்ள வந்து உக்காரும்மா. செத்தது யாரு, ஜெயிலுக்குப் போறது யாரு? அதை மொதல்ல சொல்லு."

"செத்தது அம்மாவாசியண்ணன். எங்க ஊருல தமுக்கடிச்சுச் சேதி சொல்றவரு. போன வருஷம் இதே ஐப்பசியில கண்மாய்க்கரை உடையப் பாத்துச்சு. மணியக்காரர் மலைச்சாமி சொன்னாக, அண்ணன் தமுக்கடிச்சாரு. கரையில தமுக்கு கேட்டா கூலிவேலை செய்யறவுக அம்புட்டுப் பேரும் போயாகணும், போகாதவனுக்கு ஜெயிலுன்னு ஏதோ அந்தக் காலத்துச் சட்டமாம். போனது நாலஞ்சு பேருதான். எங்க வீட்டுக்காரரு ஒச்சாண்டியும் அண்ணனும் உடைப்புக்குள்ள எறங்கி நின்னாக. அண்ணனைத் தண்ணி இழுத்துச்சு. இவரு கையைப் பிடிச்சாரு. கை நழுவிருச்சு."

அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். பங்கிராஸின் பேனா நின்றது.

"இந்த வருஷம் மழை தொடங்குனதுல இருந்து, பொழுது சாயுற நேரத்துல கரைமேல தமுக்கு கேக்குதுய்யா. அண்ணன் அடிக்கிற அதே அடி. ஓங்கி ஓங்கி அடிச்சுட்டு கடைசியில சின்னதா ரெண்டு தட்டு தட்டுவாரு. வேற யாரு கைக்கும் அது வராது. போன வெள்ளிக்கிழமை அடைமழை. அந்த மழையிலயும் கணீர்னு கேட்டுச்சு. 'என்னையத்தாண்டி கூப்பிடுறாரு'ன்னு எங்க வீட்டுக்காரரு தூணைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. நாந்தான் கதவைச் சாத்தி உலக்கையைக் குறுக்க வச்சேன். அன்னைக்குக் கரை நெசமாவே உடைஞ்சு, கீழ வயக்காடு பூராம் மண்மூடிப் போச்சு. மறுநாள் பார்த்தா, தமுக்கடிக்கச் சொன்னதே நாந்தான்னு மணியக்காரர் மேலிடத்துக்கு எழுதிட்டாக. ஒச்சாண்டி வரலைன்னு கேஸு. இப்ப ஜாமீன்ல இருக்காரு. திங்கக்கிழமை கோர்ட்டு."

"ஊரே போகலை. அவரு மேல மட்டும் ஏன் கேஸு?"

"மத்தவுக 'மழை இரைச்சல்ல கேக்கலை'ன்னுட்டாக. இந்த மனுஷன் மட்டும் 'கேட்டுச்சு, போகலை'ன்னு சொல்லிட்டாரு." மாயக்காள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். "முன்னால ரெண்டு பிள்ளையை மண்ணுக்குக் குடுத்துட்டேன்யா. இது பொறக்கையில அவரு வீட்டுல இருக்கணும். ஜெயிலுக்குள்ள போனா அவரு முழுசாத் திரும்ப மாட்டாரு. இப்பவே பாதி ஆளு அந்தக் கரையிலதான் நிக்கிறாரு."

ராவுத்தர் எழுந்து அலமாரியிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார். வெகுநேரம் புரட்டி ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இருக்கு. கும்பினி போய் ராணி வந்த காலத்துச் சட்டம். கரைக்கு ஆபத்துன்னு கிராமத் தலைவர் ஆள் கூப்பிட்டா, உழைப்பாளி வர்க்கத்தார் எல்லாரும் வந்தாகணும். நிலக்காரங்க வரணும்னு ஒரு வரி கிடையாது."

"இது இன்னுமா உசிரோட இருக்கு?" என்றான் பங்கிராஸ்.

"யாரும் ரத்துப் பண்ணலையே. போட்டவன் செத்துப்போனான். இப்ப வச்சிருக்கிறவன் 'நான் போடலை'ங்கிறான். நடுவுல சட்டம் மட்டும் அலையுது. உங்க ஊருல ஒரு பேயில்லை மாயக்கா, ரெண்டு பேய் இருக்கு."

பங்கிராஸ் சட்டைக்குள் கைவிட்டுச் செபமாலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"என்ன பங்கிராஸு, பயமா?"

"பயமெல்லாம் இல்லைய்யா. எங்க வேதத்துல பேயைக் கண்டு பயப்படப்படாது. சும்மா இருக்கான்னு பார்த்தேன்."

மறுநாள் காலை இருவரும் கொம்புக்கரைப்பட்டிக்கு வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். கூடலூர் ரஸ்தாவிலிருந்து மேற்கே பிரிகிற மண்பாதை. வண்டிச் சக்கரம் சேற்றில் புதையப் புதைய, பங்கிராஸ் தன் துப்பை விரித்துக்கொண்டே வந்தான். குமுளி மலையிலிருந்து கள்ளச்சரக்கு இறங்குகிறது. ஊரைப் பயமுறுத்தி வீட்டுக்குள் அடைத்துவிட்டுக் கரைமேல் சரக்கைக் கடத்துகிறார்கள். தமுக்கடிப்பது புதுத் தமுக்குக்காரன் சின்னக்கருப்பு. "எப்படிய்யா?" என்று கேட்டான். "நல்லாத்தான் இருக்கு. அப்புறம் எதுக்குத் தண்ணி தளும்புற கரைமேல போகணும்? ரஸ்தா சும்மாதானே கெடக்கு?" என்றார் ராவுத்தர். பங்கிராஸ் அதற்குப்பின் மாட்டை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தான்.

ஊர்ச் சாவடியில் சின்னக்கருப்பு தூங்கிக்கொண்டிருந்தான். வக்கீல் என்றதும் பதறி எழுந்தான். சுவரில் சர்க்கார் தமுக்கு தொங்கியது. ராவுத்தர் அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். தோலை எலி கடித்து ஒரு ஓட்டை போட்டிருந்தது. ஓட்டைக்குள் விரல் விட்டபோது கெட்டியான சிலந்திக்கூடு தட்டுப்பட்டது. முட்டைப் பை வெடித்துக் குஞ்சுகள் வெளியேறிப் போய்விட்டிருந்தன. கூட்டின்மேல் தூசி படிந்திருந்தது.

"வெள்ளிக்கிழமை இதைத்தான் அடிச்சியா?"

சின்னக்கருப்பு வாசலைப் பார்த்தான். "மணியக்காரர் அப்படித்தான் சொல்லச் சொன்... அப்படித்தாங்க."

"மழையில எப்படி அடிச்சே? தோலு தொய்ஞ்சு போகுமே."

தொழிலைப் பற்றிக் கேட்டதும் அவனுக்குத் தெம்பு வந்தது. "அதுங்களா? ஈரத்துல சும்மா அடிச்சா பொத்துப் பொத்துன்னுதான் கேக்கும். பக்கத்துலயே தீமூட்டிக் காட்டிக்கிட்டே அடிக்கணும். எனக்கு அந்தப் பக்குவம் இன்னும் சரியா வரலைங்க. அம்மாவாசியண்ணனுக்கு சங்கிலியம்மாக்காதான் காய்ச்சிக் குடுக்கும். பதம் பாக்க விரலால தட்டித் தட்டிப் பாக்கும்."

"சங்கிலியம்மாங்கிறது?"

"அண்ணன் பெண்டாட்டி."

ராவுத்தர் தமுக்கை இருந்த ஆணியிலேயே மாட்டினார்.

அடுத்து மணியக்காரர் வீடு. தெருவிலேயே பெரிய வீடு அதுதான். நிலைக்கதவின்மேல் ஒரு பழைய செருப்பும் விளக்குமாறும் புதுக் கயிற்றில் சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டிருந்தது. காற்று கருப்பு அண்டாமலிருக்கக் கட்டுவது. மலைச்சாமி வெளியே போயிருந்தார். அவர் மனைவி ராமுத்தாய் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். நல்ல மனுஷி.

"செருப்பு இப்பத்தான் கட்டுன மாதிரி இருக்கே ஆத்தா?" என்றார் ராவுத்தர் மோரைக் குடித்துக்கொண்டே.

"வெள்ளிக்கிழமைதான் கட்டினேன். அன்னைக்கு அந்தத் தமுக்குச் சத்தம் ஈரக்கொலையை ஆட்டிருச்சுல்ல? இவுக செருப்பைத்தான் எடுத்தேன். இவுகளுக்குத்தான் அன்னைக்கு அது தேவைப்படலையே. கட்டிலைவிட்டு இறங்குனாத்தானே!" என்று சொல்லிச் சிரித்தவள், வந்திருப்பது வக்கீல் என்பது ஞாபகம் வந்து சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

ஒச்சாண்டி தன் குடிசையில் தூணருகே உட்கார்ந்திருந்தான். வாட்டசாட்டமான உடம்பு. வலது கையை மட்டும் மடியில் தனியாக வைத்துக்கொண்டிருந்தான். ராவுத்தர் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னான். கடைசியில் அவனே ஒன்று கேட்டான். "அய்யா, ஒருத்தன் கையை விட்டுட்டா அவன் மறுபடி வந்து கூப்பிடத்தானே செய்வான்? அது நியாயந்தானே?"

"நீ விடலையே ஒச்சாண்டி. நழுவிருச்சு."

"அவருக்கு அது எப்படித் தெரியும்?"

மாயக்காள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதாள். பங்கிராஸும் அழுதான். அவனுக்கு அழுகை சீக்கிரம் வந்துவிடும்.

சங்கிலியம்மாளின் வீடு ஊரின் கடைசி வீடு. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். வந்தவர்களை ஏறிட்டுப் பார்த்துவிட்டு மறுபடி கீரையை உருவத் தொடங்கினாள்.

"உங்க வீட்டுக்காரர் கரையில அலையுறதா ஊரெல்லாம் பேச்சு" என்றான் பங்கிராஸ் தணிந்த குரலில். "ஆத்துமா சாந்திக்குப் படையல் ஏதும் போட்டீங்களாக்கா?"

"தெவசத்துக்குப் போட்டேன். இப்ப எதுக்கு?"

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

"தாலி கட்டுன மனுஷங்கிட்ட என்னய்யா பயம்?" அவள் முறத்தை நகர்த்தி வைத்தாள். "பயமாம் பயம்! ஊரே பயந்து என்ன பிரயோசனம்? அம்புட்டுத் தமுக்குக்கும் ஒரு ஈ காக்கா வரலையே."

ராவுத்தர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவர் செத்ததுக்கு மனு எழுதிப் போட்டீகளோ?"

"போட்டேன். கீழ ஆபீசுல மேல போன்னாக. மேல ஆபீசுல அதுக்கும் மேல போன்னாக. அங்கன ஒருத்தரு நல்ல விதமாத்தான் பேசினாரு. 'உம் புருஷனை யாரும் கூப்பிடலைம்மா, சட்டம் கூப்பிட்டுச்சு, அவரு போனாரு'ன்னாரு. அந்தச் சட்டம் எந்த ஊருல இருக்காகன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சுப்புட்டாக."

ராவுத்தர் சிரிக்கவில்லை. போய் வருவதாகச் சொல்லிவிட்டுக் கரைப் பக்கம் நடந்தார்.

கண்மாய் கரையளவு நிறைந்து கிடந்தது. உடைப்பை மூங்கில் தட்டியும் மண்ணும் கொண்டு அரைகுறையாக அடைத்திருந்தார்கள். அதற்குப் பத்தடி தள்ளி அய்யனாரின் சின்னக் கல்மண்டபம். அம்மாவாசி போன இடம் என்பதால் பகலிலும் அங்கே நடமாட்டமில்லை. மண்டபத்துக்குள் தரை காய்ந்திருந்தது. ஒரு மூலையில் வைக்கோல் சாம்பலும் பாதி எரிந்த எருவாட்டியும் கிடந்தன.

"பேய்க்குக் குளிரும் போலிருக்கு" என்றார் ராவுத்தர்.

"அய்யா, இங்கன நின்னு வெளையாடாதீக. வெரசா வாங்க" என்றான் பங்கிராஸ். பொழுது சாய இன்னும் வெகுநேரம் இருந்தது. ஆனாலும் தண்ணீருக்கு மேலே ஒரு கருக்கல் கவிந்திருந்தது. காற்றே இல்லை, நாணல் மட்டும் அசைந்தது.

வீடு வந்ததும், "ஒச்சாண்டியைக் காப்பாத்திரலாம் பங்கிராஸு" என்றார் ராவுத்தர். "ஆனா கோர்ட்டுல 'அப்ப அடிச்சது யாரு'ன்னு கேட்டா இன்னொருத்தரைக் காட்டிக் கொடுக்கணும். அது என்னால ஆகாது."

"வேற வழி?"

"ஞாயித்துக்கிழமை ஒரு மந்திரி பெரியாத்து அணையைப் பார்க்கக் கூடலூர் வழியாப் போறாரு. உடைஞ்ச கரையைப் பார்த்துட்டுப் போகணும்னு ஊரார் பேருல ஒரு மனு எழுது. சட்டத்தைத் தேடுறவுக இருக்காக. சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் வர்றாரு. ரெண்டு பேரும் எதிரெதிரே நிக்கட்டுமே."

மந்திரி வந்தார். கதர் வேட்டி, கதர் சட்டை, கூடவே குடை பிடிக்க ஓர் அதிகாரி. மழை வெறித்து மேற்கே மஞ்சள் வெயில் லேசாகத் தெரிந்த சாயங்காலம். சாவடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். மணியக்காரர் மலைச்சாமி ரோஜா மாலை போட்டார். ராமுத்தாய், சின்னக்கருப்பு, ஒச்சாண்டி, மாயக்காள், ஊர்ச்சனம் எல்லோரும் நின்றார்கள். சங்கிலியம்மாளை மட்டும் காணவில்லை.

ராவுத்தர் வணங்கிவிட்டு விஷயத்தைச் சொன்னார். மந்திரி பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, "கஷ்டமாகத்தான் இருக்கிறது, மிஸ்டர் ராவுத்தர். ஆனால் இது நாங்கள் போட்ட சட்டமில்லையே. நான் பிறப்பதற்கு முன்னாலேயே வந்தது. இதற்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்?" என்றார்.

"உங்க தாத்தா கட்டின வீட்டுல நீங்க குடியிருக்கீங்க. ஓடு சரிஞ்சு தெருவுல போறவன் மண்டை உடையுது. 'தாத்தாவைப் போய்க் கேளு'ன்னு சொல்லுவீங்களா?"

மந்திரி ரோஜா மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். குடைக்கார அதிகாரி கனைத்தார். "வழக்கைப் பற்றி மட்டும் பேசுங்கள். தமுக்கு அடிக்கப்பட்டது. இவன் வரவில்லை. இதில் என்ன சந்தேகம்?"

"தமுக்கு கேட்டது நெசம். ஆனா மணியக்காரர் அடிக்கச் சொல்லலை." சாவடியில் சலசலப்பு எழுந்தது. ராவுத்தர் சர்க்கார் தமுக்கைக் கழற்றி மந்திரியின் முன்னால் வைத்தார். "உள்ள பாருங்க. சிலந்தி கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சு பொரிச்சு, அதுகளும் ஊரைவிட்டுப் போயிருச்சு. கூட்டுமேல தூசி. இதை வெள்ளிக்கிழமை யாராவது அடிச்சிருந்தா இந்தக் கூடு இருக்குமா?"

மலைச்சாமிக்கு முகம் வேர்த்தது. "வேற தமுக்கு... இரவல் வாங்கி..."

"சரி, இரவல் தமுக்குன்னே வச்சுக்குவோம். நீங்க ஆள் வச்சு அடிச்ச தமுக்கு. அப்புறம் ஏன் மணியக்காரரே அதே தமுக்குக்குப் பயந்து உங்க நிலையில செருப்பும் விளக்குமாறும் தொங்குது? தான் அடிக்கச் சொன்ன தமுக்குக்குத் தானே பேய்க்கட்டுக் கட்டுறவர் இந்த ஜில்லாவுல உண்டா?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மலைச்சாமி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "என்னைய என்ன பாக்குறீக?" என்றாள் ராமுத்தாய். "வாயும் வயிறுமா ஒருத்தி நிக்கிறா. நீங்க எழுதின பொய்யில அவ குடும்பம் நாசமாப் போகணுமா? சொல்லித் தொலைங்க."

மலைச்சாமி உட்கார்ந்துவிட்டார். பிறகு எல்லாம் வந்தது. வெள்ளிக்கிழமை மழை வலுத்ததும் ஆளைக் கூப்பிட்டிருக்க வேண்டியது அவர் வேலை. தமுக்குச் சத்தம் கேட்டதும் கைகால் ஓடவில்லை. பொழுது விடிந்தால் கரை போயிருந்தது. ஏன் ஊரைக் கூப்பிடவில்லை என்று மேலிடம் கேட்டால் உத்தியோகம் போகும். ஊர் முழுக்கத் தமுக்கு கேட்டிருக்கிறது. அதைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டார்.

"பேய் அடிச்சதைச் சர்க்கார் தமுக்காக்கிட்டாரு" என்றார் ராவுத்தர். "சட்டப்படி கூப்பிட வேண்டியவர் கூப்பிடலை. கூப்பிடாதவனை வரலைன்னு எப்படித் தண்டிக்கிறது?"

மந்திரி எழுந்தார். வழக்கை வாபஸ் வாங்க அன்றே எழுதி அனுப்புவதாகச் சொன்னார். மாயக்காள் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டாள். ஒச்சாண்டி மட்டும் அசையவில்லை.

"எல்லாம் சரி. அப்படியென்றால் தமுக்கை அடித்தது யார்?" என்றார் மந்திரி.

ராவுத்தர் சுக்குத் துண்டைத் துப்பிவிட்டார். "அதை நான் சொல்றதுக்கில்லைங்க."

அந்த நேரத்தில் கரையிலிருந்து தமுக்கு கேட்டது.

ஓங்கி ஓங்கி விழுந்த அடிகள். கடைசியில் சின்னதாக இரண்டு தட்டு. ஒரு குழந்தை வீறிட்டது. ஒச்சாண்டி பக்கத்திலிருந்த தூணை எட்டிப் பிடித்தான். பங்கிராஸ் வாய்விட்டு "அருள்நிறைந்த மரியே" சொல்லத் தொடங்கிவிட்டான். அதிகாரியின் கக்கத்திலிருந்த குடை கீழே விழுந்தது.

"கூப்பிடுறாக" என்றார் ராவுத்தர். "தமுக்கு கேட்டா போகணும். நான் போறேன்."

சேற்றில் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் நடந்தார். மந்திரி ஒரு கணம் தயங்கினார். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே இறங்கினார். காரை நோக்கிக் கைகாட்டிய அதிகாரியை அவர் பார்க்கவே இல்லை. பின்னால் மாயக்காள் ஒச்சாண்டியின் கையைத் தூணிலிருந்து பிரித்து, "வா. நானும் வாரேன். யாருன்னு பார்த்துருவோம்" என்று இழுத்துக்கொண்டு வந்தாள்.

"உங்களுக்குத் தெரியும், இல்லையா?" என்றார் மந்திரி நடந்துகொண்டே.

"தெரியும். அடைமழையில தமுக்கு கணீர்னு கேட்டிருக்கு. பேய்க்குத் தோலு காய்ச்சணும்கிற அவசியம் இல்லை. அய்யனார் மண்டபத்துல புதுச் சாம்பல் கெடக்கு. அப்ப அது உசிரோட இருக்கிற கை. அந்தக் கடைசி ரெண்டு தட்டை ஊரே அம்மாவாசி அடின்னு நினைச்சுது. அது அவர் அடியே இல்லை. காய்ச்சிக் கொடுக்கிறவங்க பதம் பார்த்துத் தட்டுற தட்டு. அவரு அதைப் பார்த்துப் பார்த்துத் தன் அடியில சேர்த்துக்கிட்டாரு. அம்புட்டுத்தான்."

"அவர் மனைவியா?"

"புருஷன் பேயா அலையுறான்னா எந்தப் பொம்பளையும் மொதல்ல ஒரு படையல் போடுவா. இந்தம்மா தெவசத்தோட நிறுத்திக்கிச்சு. ஊரு பூராம் 'பேய் வந்துருச்சு'ன்னு அழுதுச்சு. இந்தம்மா ஒருத்திதான் 'யாரும் வரலையே'ன்னு அழுதுச்சு."

மண்டபத்துக்குள் எருவாட்டி கனன்றுகொண்டிருந்தது. சங்கிலியம்மாள் புருஷனின் பழைய தமுக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்களைப் பார்த்து அவள் எழுந்திருக்கவில்லை. ஊர்ச்சனம் தள்ளி நின்றது. ஒச்சாண்டி மட்டும் அருகில் வந்து அவள் முகத்தைப் பார்த்தான். "நீயாக்கா?" என்றான்.

"நாந்தான்டா தம்பி. உன்னையக் கூப்பிடலை. நீதான் அன்னைக்கு வந்தியே." அவள் மந்திரியைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க யாரு சாமி?"

"நான் மந்திரி."

"தமுக்கு கேட்டா வந்தாகணும்னு எம் புருஷனைக் கூப்பிட்டது சட்டம்னு சொன்னாக. அந்தச் சட்டத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேக்கணும்னு நானும் அதே தமுக்கை அடிச்சேன். மழை தொடங்குனதுல இருந்து அடிக்கிறேன். வெள்ளிக்கிழமை கரை நெசமாவே கசிஞ்சுச்சு. கை வலிக்க வலிக்க அடிச்சேன். சட்டமும் வரலை, ஊரும் வரலை." அவள் எழுந்து நின்றாள். "நீங்கதான் அதுவா?"

மந்திரி வாயைத் திறந்தார். சாவடியில் சொன்ன பதில்தான் நாக்கு நுனியில் இருந்திருக்க வேண்டும். கண்மாயைப் பார்த்தார். தண்ணீர் கரையோடு கரையாக நின்றது. அவளை மறுபடி பார்த்தபோது அவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

"ஆமாம்மா. இப்போது நான்தான்."

சங்கிலியம்மாள் தமுக்கைத் தரையில் வைத்தாள். அதன் தோலைப் புறங்கையால் ஒருமுறை தடவினாள். "எம் புருஷன் பேரு அம்மாவாசி. இந்தா, இந்த எடத்துலதான் போனாரு. நெலம் இருக்கிறவுக நாலு பேரு வந்து மண்ணு போட்டிருந்தா போயிருக்க மாட்டாரு. அவுக வரணும்னு உங்க சட்டத்துல இல்லையாமே?"

"இல்லை. தப்புத்தான். இதற்கு நான் பதில் சொல்கிறேன்."

"சொல்லுங்க. பொறுமையாச் சொல்லுங்க. நான் எங்கயும் போகப் போறதில்லை." அவள் மண்டபத்து மூலையிலிருந்து ஒரு மண்கூடையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "இப்ப இதைப் பிடிங்க. கரை இன்னும் கசியுது."

அதிகாரி ஓடிவந்து கூடையை வாங்கப் போனார். மந்திரி கொடுக்கவில்லை. மணியக்காரர் மலைச்சாமி தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். நிலக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கரையில் இறங்கத் தொடங்கினார்கள்.

எல்லோருக்கும் முன்னால் உடைப்புக்குள் இறங்கியவன் ஒச்சாண்டி. முழங்கால் தண்ணீரில் காலை ஊன்றிக்கொண்டு, சறுக்கலில் தடுமாறி நின்ற மந்திரியை நோக்கித் தன் வலது கையை நீட்டினான்.

"கெட்டியாப் பிடிச்சுக்கங்க சாமி. இங்கன வழுக்கும்."